பின்ஸ்பரி கண்ட தாதாபாய்

இலண்டன் மாநகரின் வடபால் பின்ஸ்பரி என்னும் பகுதி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடிகாரம் செய்வோரும், நகைத் தொழிலாளரும், சிறு வணிகரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது. 1892ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடைபெற்ற பொதுத் தேர்தலில், அப்பகுதி வாக்காளர் தம் பிரதிநிதியாக ஓர் இந்தியரைத் தேர்ந்தெடுத்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். அவருக்கு அப்போது வயது 66. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், பிரிட்டனின் பிரதம மந்திரியே பொதுமேடையில் அவரைச் சுட்டிக் கறுப்பு மனிதர் என்று இழித்துப் பேசியிருந்தார். அவ்விழிசொல்லுக்கு இலக்காகி, அதனை எதிர்நின்று வென்ற அப்பெரியார் தாதாபாய் நௌரோஜி ஆவர்.

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் எளிய பார்ஸிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அன்னை மாணெக்பாய் எழுத்தறியாதவர். எனினும் மகன் கற்க வேண்டும் என்பதில் உறுதி கொண்டவர். அக்காலத்தில் பம்பாயில் கட்டணமின்றிக் கல்வி தந்த பள்ளி ஒன்று இருந்தது. அதுமட்டும் இல்லையாயின் அச்சிறுவன் கல்வி பெற்றிருத்தல் அரிது. பொதுமக்கள் பணத்தால் தாம் கற்ற கல்வி பொதுமக்களுக்கே உரியது என்று பின்னாளில் அவர் கருதியதற்கு இதுவே காரணம்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று தேறிய அவர், முப்பது வயதளவில் அக்கல்லூரியிலேயே கணிதப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அதுவரை ஆங்கிலேயரே வகித்துவந்த அப்பதவியை அங்கு ஏற்ற முதல் இந்தியர் அவரே. இதற்கிடையே 1849ஆம் ஆண்டில் நண்பர்களோடு கூடிப் பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார். பெண் கல்வியைப் பழித்த பெரியோர் பலர் அன்று இருந்தனர். மறுமொழி கூறிக் காலம் போக்காது, வீடுதோறும் சென்று பெற்றோரிடம் பேசிப் பெண்மக்களைப் பள்ளிக்கு வருவித்தார். 1851இல் ராஸ்த் கோப்தார் என்னும் குஜராத்தி இதழையும் தொடங்கினார். உண்மை பேசுவோன் என்பது அப்பெயரின் பொருள்.

1855இல் காமா வணிக நிலையத்தின் கூட்டாளியாக அவர் இங்கிலாந்து சென்றார். அபினி, மது ஆகியவற்றால் வரும் ஊதியத்தில் பங்குபெற மனம் ஒவ்வாமையால், சில ஆண்டுகளில் அந்நிலையத்தினின்று விலகித் தனியே வணிகம் நடத்தினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் விளங்கினார். நாம் இங்கே கருத வேண்டியது அவர்தம் வணிகமன்று. 1866ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சொற்போர்.

அக்காலத்தில் இலண்டனில் மக்களினங்களை ஆராயும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஜான் கிராபர்டு என்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக ஆசிய நாடுகளில் நெடுங்காலம் பணியாற்றியவர். சிங்கப்பூரில் ஆட்சி நடத்தியவர். தாயகம் திரும்பிய பின் பாராளுமன்றத் தேர்தலில் பலமுறை நின்று தோற்றவர். அவர் அச்சங்கத்தில் ஐரோப்பிய ஆசிய இனங்களைக் குறித்து ஒரு கட்டுரை படித்தார். உடல் வலியிலும், அறிவிலும், ஒழுக்கத்திலும் ஆசிய மக்கள் ஐரோப்பியருக்குப் பிறப்பிலேயே தாழ்ந்தவர் என்பது அதன் சாரம். கட்டுரை ஆராய்ச்சி என்னும் பெயரால் வந்தமையின், மேடை வசையினும் அது கொடியதாயிற்று. வசையைக் கேட்போர் வசையென்று அறிவர். ஆராய்ச்சி என்றால் கற்றோரும் தலையசைப்பர்.

தாதாபாய் அதே சங்கத்தில் எழுந்து மறுப்புக் கட்டுரை படித்தார். சினச்சொல் ஒன்றும் அதில் இல்லை. வடமொழியிலும் பாரசீகத்திலும் உள்ள பேரிலக்கியங்களை எடுத்துக் காட்டினார். இந்தியரோடு பழகியறிந்த ஆங்கிலேயர் பலர் எழுதிவைத்த சான்றுகளையே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். ஒரு நாட்டின் மொழியறியாதார் மேலெழுந்தவாரியாகக் கண்டதைக் கொண்டு அந்நாட்டு மக்கள் அனைவரையும் அளத்தல் தகாது என்று விளக்கினார். கணித ஆசிரியர் ஒருவர் மாணவன் எழுதிய தவறான விடையை வரிவரியாகத் திருத்துவது போன்றிருந்தது அந்த மறுப்பு. அவ்வாண்டிலேயே கிழக்கிந்திய சங்கம் என்னும் அமைப்பை இலண்டனில் நிறுவி, இந்தியாவின் குறைகளை ஆங்கில மக்களுக்கு உணர்த்தும் பணியைத் தொடங்கினார்.

பின்னர் அவர் சிறிது காலம் பரோடா சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். 1885இல் காங்கிரஸ் மகாசபை தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராக விளங்கினார். இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் தலைக்கு 20 ரூபாய் அளவே என்று அரசாங்கத்தின் கணக்குகளைக் கொண்டே அவர் காட்டியது ஆள்வோரைத் திடுக்கிடச் செய்தது. நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் கடல் கடந்து வடிந்துபோகிறது என்பதே அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய பொருளாதார உண்மை. அவ்வுண்மையை, சட்டம் இயற்றும் இடத்திலேயே சென்று உரைக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். அந்த இடம் அந்நாளில் கல்கத்தாவில் இல்லை. தேம்ஸ் நதிக்கரையில் இருந்தது.

1886இல் இலண்டனில் உள்ள ஹோல்பர்ன் தொகுதியில் லிபரல் கட்சியின் வேட்பாளராக அவர் நின்றார். தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. தொகுதியோ கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டை. வாக்காளர் கண்ணுக்கு அயலாராய்த் தோன்றாதிருக்கப் பார்ஸித் தலைப்பாகையை விடுத்து ஆங்கிலத் தொப்பி அணியுமாறு நண்பர்கள் அறிவுறுத்தினர், அவரும் இசைந்தார். தலைப்பாகையை மாற்றியதால் வாக்குகள் பெருகிவிடவில்லை. கர்னல் டங்கன் என்பவர் 3,651 வாக்குகளும், தாதாபாய் 1,950 வாக்குகளும் பெற்றனர். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் வழக்கால் லிபரல் கட்சி பிளவுண்டிருந்த ஆண்டு அது; நாடெங்கும் அக்கட்சி தோற்றது. ஆகவே இத்தோல்விக்கு நிறமே காரணம் என்று நடுநிலையாளர் எவரும் கூறார்.

ஆயினும் அவ்வாறு கூற ஒருவர் இருந்தார். கர்னல் டங்கன் 1888இல் இறந்தமையால் ஹோல்பர்னில் இடைத்தேர்தல் வந்தது. கன்சர்வேடிவ் கட்சியே மீண்டும் வென்றதெனினும், முன்னைவிட மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டிலேயே வென்றது. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் எடின்பரோ நகரில் பேசிய பிரதம மந்திரி சால்ஸ்பரி பிரபு, இக்குறைவுக்கு அமைதி கூற முற்பட்டார். சென்ற முறை டங்கனை எதிர்த்து நின்றவர் ஒரு கறுப்பு மனிதர். ஆதலின் அன்று வேறுபாடு பெரிதாக இருந்தது. மனித குலம் எத்துணை முன்னேறியிருப்பினும், ஆங்கிலத் தொகுதி ஒன்று கறுப்பு மனிதர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலையை நாம் இன்னும் அடைந்துவிடவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். தாதாபாயின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. கூட்டத்தினர் நகைத்தனர்.

சால்ஸ்பரி சாமானியர் அல்லர். பிரபுக்கள் சபைக்குச் செல்லுமுன் பதினைந்து ஆண்டுகள் காமன்ஸ் சபையில் அமர்ந்தவர். இந்தியா மந்திரியாகவும் இருமுறை பதவி வகித்தவர். எந்த மக்களின் நலத்திற்குப் பொறுப்பாளராக இருந்தாரோ, அந்த மக்களையே நிறத்தால் குறித்து நகைப்புக்கு உள்ளாக்கினார். தெருவில் போகும் ஒருவன் சொல்லும் இழிசொல் கேட்டவனை மட்டும் சுடும். நாடாள்பவர் வாயினின்று வரும் அதே சொல்லோ, அவரைப் பின்பற்றுவோர் எல்லார்க்கும் அவ்வாறு பேச உரிமைச் சீட்டு வழங்கிவிடும். அன்று லிபரல் தலைவர்களும் ஏடுகளும் இதனைப் பெருங்குற்றமாகக் கொண்டு கண்டித்ததற்குக் கட்சிப் பகை ஓரளவு காரணமே எனினும், கண்டனம் முழுதும் பகையால் எழுந்ததன்று. இந்தியாவிலும் மனக்கொதிப்பு மிகுந்தது.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தாதாபாய்க்குப் பரிந்து பேசியவர் பலரும் பற்றிக்கொண்ட வாதம், அவர் கறுப்பரே அல்லர் என்பது. பார்ஸி வகுப்பினர் வெண்ணிறத்தினர். தாதாபாயையும் சால்ஸ்பரியையும் அருகருகே நிறுத்தினால் பிரதம மந்திரியின் முகமே கறுத்துத் தோன்றும் என்று நகையாடினர். நகை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாதம் பழுதுடையது. கறுத்தவரை இகழ்தல் முறையே, இவரைக் கறுத்தவர் என்றதுதான் பிழை என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. நிறம் கறுத்த கோடிக்கணக்கான மக்களுக்கு அதனால் என்ன ஆறுதல்? இந்தியாவில் எழுந்த கண்டனமோ இத்தடுமாற்றத்திற்கு இடம் தரவில்லை. ஒரு பார்ஸிக் கனவானின் மேனி நிறம் பற்றியதன்று வழக்கு. ஆளப்படும் மக்கள் அனைவரும் ஆட்சியில் பங்குபெறத் தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டுவிட்டது என்பதை மக்கள் நேராகக் கண்டனர்.

சில வாரங்கள் கழித்து ஸ்கார்பரோ நகரில் பேசிய சால்ஸ்பரி, தம் சொல்லில் இகழ்ச்சி இல்லை என்று விளக்கம் தந்தார். ஆனால் அவ்விளக்கத்தின் ஊடே, பிரிட்டிஷ் பாராளுமன்றம் மிக நுட்பமான பொறி என்றும், அத்தீவுகளில் பிறந்தவரல்லாதார் அதனை இயக்கவல்லவர் அல்லர் என்றும் கூறினார். மருந்து புண்ணை மேலும் ஆழமாக்கிற்று. முன்னர் வசையாக இருந்தது இப்போது கொள்கையாயிற்று.

தாதாபாய் என்ன செய்தார்? வசைக்கு எதிர்வசை கூறவில்லை. வாய்மூடி வீட்டுள் ஒடுங்கவும் இல்லை. 1889 ஜனவரியில் தேசிய லிபரல் சங்கத்தார் அவருக்குச் சிறப்பு விருந்து அளித்தனர். விருந்துகளாலும் அனுதாபத்தாலும் நிறைவடையும் இயல்பு அவருக்கு இல்லை. 1858ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் பெயரால் வெளிவந்த பிரகடனம், இனமும் சமயமும் பாராது இந்தியரை அரசுப் பணிகளில் ஏற்பதாக உறுதி தந்திருந்தது. அந்த உறுதியையே அவர் ஆங்கில மக்கள் முன் மீண்டும் மீண்டும் நீட்டினார். தம்மை இகழ்ந்தவர் எவர் என்பதை விட்டு, கொடுத்த சொல்லைக் காக்காதவர் எவர் என்னும் வினாவை எழுப்பினார். எடின்பரோ பேச்சுக்கு முன்பு இலண்டனில் சிலரே அறிந்திருந்த அவர் பெயர், அதன் பின்னர் நாடெங்கும் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிந்த பெயராயிற்று. இகழ்ந்தவரே ஏறும் ஏணியை எடுத்துத் தந்துவிட்டார் எனலாம்.

ஆனால் பின்ஸ்பரியின் வழி எளிதாக இல்லை. லிபரல் கட்சியினுள்ளேயே அவரை விரும்பாதார் இருந்தனர். வேறு வேட்பாளர்களை முன்நிறுத்தினர், விலகிக்கொள்ளுமாறு வற்புறுத்தினர். வெளியே பிரதம மந்திரியைக் கண்டித்த கட்சியின் உள்ளே, ஓர் இந்தியரால் தொகுதியை வெல்ல இயலுமோ என்னும் ஐயம் மெல்லிய குரலில் உலவியது. உரக்கச் சொன்ன இழிசொல்லினும் இந்த மெல்லிய குரலை எதிர்த்தலே கடினம். தாதாபாய் விலகவில்லை. நான்கு ஆண்டுகள் அத்தொகுதியின் தெருக்களிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் பழகினார். இந்தியாவைப் பற்றி மட்டும் பேசாது, அயர்லாந்தின் தன்னாட்சி, தொழிலாளர் உரிமை, மகளிர் வாக்குரிமை ஆகியவற்றையும் எடுத்துப் பேசினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவருக்கு ஆதரவு நல்கினார்.

1892 ஜூலையில் வாக்குகள் எண்ணப்பட்டன. தாதாபாய் 2,961, அவரை எதிர்த்த கன்சர்வேடிவ் வேட்பாளர் காப்டன் பென்டன் 2,956. ஐந்தே வாக்குகள்! பென்டன் வழக்குத் தொடுத்துப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நௌரோஜி என்னும் பெயர் ஆங்கிலேயர் நாவில் எளிதில் நுழையாமையால், அதனை நாரோ மெஜாரிட்டி என்று திரித்து நகையாடினர். குறுகிய பெரும்பான்மை என்பது அதன் பொருள். குறுகியதே எனினும் சால்ஸ்பரியின் கூற்றைப் பொய்யாக்க அது போதும். தாய் தந்தை இருவரும் இந்தியரான ஒருவர் காமன்ஸ் சபையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. தம் சமய நூலாகிய அவெஸ்தாவைக் கையிற்கொண்டு அவர் பதவி உறுதிமொழி எடுத்தார். அதே தேர்தலின் விளைவாகச் சால்ஸ்பரி பதவி இழந்தார். கிளாட்ஸ்டன் பிரதம மந்திரியானார்.

இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற இடத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் காண்போம். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. அரசியார் பிரகடனம் வாசல் திறந்திருப்பதாகச் சொல்லிற்று. வாசலோ கடலுக்கு அப்பால் இருந்தது. பெரும்பொருள் செலவிட்டுக் கப்பலேற இயலாத இந்திய இளைஞர், எத்துணை அறிவுடையவராயினும், உள்ளே நுழைதல் அரிது. இலண்டனிலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் அத்தேர்வை நடத்த வேண்டும் என்று தாதாபாய் பல்லாண்டுகளாக வேண்டிவந்தார். 1893 ஜூன் 2ஆம் நாள், ஹெர்பர்ட் பால் என்னும் உறுப்பினர் அதற்கான தீர்மானத்தைக் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். தாதாபாய் அதனை ஆதரித்துப் பேசினார். 84 வாக்குகள் ஆதரவாகவும் 76 வாக்குகள் எதிராகவும் கிடைக்க, தீர்மானம் நிறைவேறியது. அரசாங்கம் இந்திய மாகாணங்களின் கருத்தைக் கேட்டது. சென்னை மாகாண அரசாங்கம் தவிர ஏனைய மாகாண அரசாங்கங்கள் எதிர்த்தன. தீர்மானம் ஏட்டளவில் நின்றது.

அவ்வாண்டு இறுதியில் லாகூர்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்கத் தாயகம் வந்த அவருக்கு மக்கள் அளித்த வரவேற்பு அரசர்க்கும் கிட்டாதது. மறு ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசுக்கு, அயர்லாந்தைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் ஆல்பிரட் வெப் தலைமை வகித்தார். காமன்ஸ் சபையில் தாதாபாய் தேடிய நட்புகளுள் அவரும் ஒருவர். அதே 1894இல், அமெரிக்க நாட்டில் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களை வெறிக்கும்பல்கள் விசாரணையின்றிக் கொன்றுவந்த கொடுமையை எடுத்துரைக்க, ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தார். அக்கொடுமையை எதிர்க்க இலண்டனில் அமைந்த குழுவில் தாதாபாயின் பெயரும் இடம்பெற்றது. தம்மைக் கறுப்பர் அல்லர் என்று காட்டி மீட்க முயன்ற நண்பர்களுக்கு இதனினும் தெளிவான விடை அவரிடமிருந்து வந்திருக்க முடியாது.

1895 தேர்தலில் அவர் தோற்றார். சால்ஸ்பரியின் கட்சி பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றியில் ஒரு புதுமை இருந்தது. இலண்டனின் கீழ்ப்பகுதியான பெத்னல்கிரீன் தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் நின்று வென்றவர் மஞ்சர்ஜி பவநகரி என்னும் பார்ஸி வகுப்பினர்! ஓர் இந்தியரை ஆங்கிலத் தொகுதி ஏற்காது என்ற தலைவரின் கட்சியே ஏழு ஆண்டுகளில் ஓர் இந்தியரைத் தேடிப்பிடித்து நிறுத்திற்று. காங்கிரசின் கருத்துகளை எதிர்த்துப் பேச அவர் பயன்பட்டார் என்பது வேறு கதை.

உறுப்பினர் பதவி போயினும் தாதாபாயின் பணி ஓயவில்லை. இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி கமிஷனில் அவர் உறுப்பினராக இருந்தார். 1897இல் அக்கமிஷன் முன் சாட்சியம் கூற இந்தியாவினின்று சென்றோருள் கோகலேயும், நம் தமிழ்நாட்டு ஜி. சுப்பிரமணிய ஐயரும் இருந்தனர். 1901இல் இந்தியாவின் வறுமையைக் குறித்த தம் பெருநூலை வெளியிட்டார். 1906இல், எண்பத்தொன்று வயதில், கல்கத்தாக் காங்கிரசின் தலைமையுரையில் சுயராஜ்யமே இந்தியாவின் குறிக்கோள் என்று அறிவித்தார். மறு ஆண்டு தாயகம் திரும்பிப் பம்பாயை அடுத்த வெர்சோவாவில் ஓய்வாக வாழ்ந்தார்.

1917ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தாதாபாய் காலமானார். சிவில் சர்வீஸ் தேர்வு இந்தியாவிலும் நடைபெறத் தொடங்கியது 1922ஆம் ஆண்டில். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், காமன்ஸ் சபை தீர்மானம் நிறைவேற்றி இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்.